டிரைவருக்கும் ஒரு கட்டில்: கொடைக்கானல் லாட்ஜ் ஒன்னோட ஓட்டுநர் கூடம்

கொடைக்கானல்ல மூஞ்சிக்கல்லுல இருந்து நடந்து போற தூரத்துல இருக்கிற நடுத்தர லாட்ஜ் அது. ரெண்டு மாடி, பால்கனியில பிளாஸ்டிக் நாற்காலி, வாசல் பூரா பூந்தொட்டி. உள்ள ரூம் எப்படி இருக்கும், டிவி ஓடுமா, ஜன்னல்ல மலை தெரியுமான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த ரூம் எதுக்குள்ளயும் நான் போனதில்ல. நான் மதுரையில ஒரு டிராவல்ஸ்ல இன்னோவா ஓட்டுறவன். நான் எழுதப்போறது, கார் நிறுத்துற இடத்துக்குப் பின்னாடி டிரைவர்களுக்குன்னே கட்டி விட்டிருக்கிற கூடத்தைப் பத்தி.

லாட்ஜ் பேரைப் போடலை. எழுதட்டுமான்னு ஓனரம்மாகிட்ட கேட்டேன். "எழுதுங்க தம்பி, பேரு வேண்டாம். சீசன்ல பார்ட்டி இல்லாத டிரைவருங்க எல்லாரும் இங்க வந்து நின்னா, இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது"ன்னாங்க. பார்ட்டின்னா வண்டியை வாடகைக்கு எடுத்து வர்றவங்க. அவங்க சொன்னது நியாயமாத்தான் பட்டுச்சு. மலைக்கு அடிக்கடி ஏறுற டிரைவர்களுக்கு நான் சொல்ற அடையாளத்துலயே தெரிஞ்சிரும்.

நீளமான கூடம், ஓடு போட்ட கூரை, உள்பக்கம் மரத்துல சீலிங் அடிச்சிருக்காங்க. எட்டு இரும்புக் கட்டில். ரயில்ல இருக்கிற மாதிரி மேல கீழ அடுக்கினது இல்ல, தனித்தனியா தரையில நிக்கிறது. பஞ்சு மெத்தை, ஆளுக்கு ரெண்டு கம்பளி, துவைச்ச தலையணை உறை. தலைமாட்டுல ஆளுக்கொரு பிளக் பாயிண்ட். கால்மாட்டுல சின்ன இரும்பு அலமாரி, பூட்டு மட்டும் நாம கொண்டு போகணும். ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவுல தடிமனான துணித் திரை. முதல் தடவை போனப்ப அந்தத் திரையை இழுத்து விட்டுட்டு உக்காந்தவன், கொஞ்ச நேரம் அப்படியே இருந்துட்டேன். விடிஞ்சதுல இருந்து ஆறு பேர் நம்ம முதுகைப் பார்த்துக்கிட்டே வர்றாங்க. ஒவ்வொரு வளைவுலயும் கண்ணாடியில அவங்க முகம் தெரியுது, நம்ம முகம் அவங்களுக்குத் தெரியுது. நாள் பூரா அப்படி இருந்துட்டு, யாரும் பார்க்காத ஒரு ஆறடி இடம் கிடைக்கிறது எப்படி இருக்கும்னு இந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

வெந்நீர் காலையில அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும், ராத்திரி எட்டுல இருந்து பத்து வரைக்கும். ரெண்டு குளியலறை, ரெண்டு கக்கூஸ், ரெண்டுலயும் கொக்கி சரியா விழுது. கொக்கி விழுறதை எல்லாம் எழுதணுமான்னு நினைக்காதீங்க. கொக்கி இல்லாத கதவை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு உக்காந்த டிரைவர்கள் இதைப் படிப்பாங்க.

மத்த இடத்துல என்ன நடக்குதுன்னு சொன்னாத்தான் இந்தக் கூடத்தோட அருமை புரியும். பெரும்பாலான மலை ஊர்ல டிரைவருக்குப் படுக்கை அவன் வண்டிதான். பார்ட்டியை இறக்கி, பெட்டியை எல்லாம் ரிசப்ஷன் வரைக்கும் தூக்கிக் கொடுத்த பிறகு, "வண்டியை அப்படி ஓரமாப் போட்டுக்கங்க"ன்னு செக்யூரிட்டி காட்டுற இடத்துல போட்டு, முன் சீட்டைச் சாய்ச்சுப் படுக்கணும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல இருக்கிற ஊரு. வத்தலக்குண்டுல வேர்த்து ஒழுகின சட்டையோட ஏறி வந்தவனுக்கு ராத்திரி பத்து மணிக்குப் பல்லு தட்டும். மார்கழி, தை மாசத்துல 10 டிகிரிக்குக் கீழயும் போகும். கண்ணாடியை முழுசா ஏத்தினா மூச்சு முட்டுது, இறக்கினா பனி உள்ள வருது. எஞ்சினை ஓட விட்டு ஹீட்டர் போட்டுத் தூங்குறவங்க இருக்காங்க. தயவு செஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க. நிக்கிற வண்டியில எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்தா, புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடு உள்ள வந்து தேங்கலாம். அதுக்கு நிறம் இல்ல, வாசனை இல்ல. தூங்குறவனை எழுப்பாமலே ஆளை முடிச்சிரும்.

அப்புறம் கக்கூஸ். லாட்ஜுக்குள்ள போனா "கெஸ்டுக்கு மட்டும்"னு சொல்லுவாங்க. பொதுக் கழிப்பறை ராத்திரி பூட்டியிருக்கும். அதனாலேயே சாயங்காலத்துக்கு மேல தண்ணி குடிக்கிறதை விட்ட டிரைவர்கள் ஏராளம். நாற்பது வயசுக்குள்ள கல்லடைப்பு வந்து துடிச்சவங்களை எனக்குத் தெரியும். மூலம், முதுகுவலி, நேரத்துக்குச் சாப்பிடாம வர்ற அல்சர், இதெல்லாம் எங்க தொழிலோட சேர்ந்தே வர்றதுன்னு நாங்களே ஏத்துக்கிட்டோம். ஏத்துக்கிட்டிருக்கக் கூடாது.

சீசன்ல ஒரு மலை டூட்டி எப்படிப் போகும்னு, எங்க வண்டியில பின் சீட்டுல உக்கார்றவங்களுக்காக எழுதுறேன். ரயில்ல வர்ற பார்ட்டியை மதுரை ஜங்ஷன்ல விடியக்காலையில எடுக்கணும்னா மூணரைக்கே எழுந்து வண்டியைத் துடைக்கணும். வாடிப்பட்டி, வத்தலக்குண்டு, காட்ரோடு தாண்டி மலை ஏறும்போது பின்னாடி ஒரு பிள்ளை வாந்தி எடுக்கும். நிறுத்தி, கழுவி, தண்ணி கொடுத்து, எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்துட்டு மறுபடி ஏத்தணும். பெரியவர் மெதுவாப் போகச் சொல்வார், அவர் மகன் "இப்படிப் போனா எப்பப் போய்ச் சேர்றது"ன்னு கேப்பார். ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான்: சரிங்க சார். வெள்ளி அருவிகிட்ட வண்டி வரிசை நகராது. ரூம்ல இறக்கிட்டு ஒரு மணி நேரத்துல குணா குகை, பில்லர் ராக், பைன் மரக்காடு. சாயங்காலம் கோக்கர்ஸ் வாக், ஏரிக்கரை, சாக்லேட் கடை. அப்புறம் நல்ல சாப்பாட்டுக் கடை தேடி ஊரைச் சுத்தி, ராத்திரி ஒன்பதரை பத்துக்கு இறக்கி விடணும். மறுநாள் ஆறு மணிக்குப் பூம்பாறை, மன்னவனூர்.

மூணரையில இருந்து பத்து வரைக்கும்னா பதினெட்டு மணி நேரத்துக்கு மேல. இதுல ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியணும். தொடர்ந்து 17 மணி நேரம் தூங்காம இருக்கிற ஆளோட கவனமும் கை வேகமும், ரத்தத்துல 0.05 சதவீதம் மது இருக்கிற ஆளோட அளவுக்குக் குறையும்னு ஆராய்ச்சியில அளந்து பார்த்திருக்காங்க. நம்ம நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்துல வண்டி ஓட்டுறவனுக்கு வரம்பு 0.03. குடிச்சுட்டு ஓட்டினா வண்டியைப் பிடிச்சு வைப்பாங்க, அது சரி. தூக்கமில்லாம ஓட்டுறவனை ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்க வழியில்ல. அவனும் நல்ல பிள்ளையாச் சிரிச்சுக்கிட்டே டம் டம் பாறை வளைவுல இறங்குவான், பின்னாடி பிள்ளைங்க பாட்டுப் பாடிக்கிட்டு வருவாங்க.

அந்தச் சிரிப்பு இருக்கே, அது வளைவை விடக் கஷ்டம். என் அண்ணன் மக காலேஜ்ல சுற்றுலாப் படிப்பு படிக்குது. அது பாடத்துல இதைப் பத்தியே வருதாம். ஆர்லி ஹோக்‌ஷீல்டுன்னு ஒரு அமெரிக்க சமூகவியல் அறிஞர், விமானப் பணிப்பெண்களோட வேலையைக் கூடவே இருந்து கவனிச்சு 1983-ல எழுதினாங்களாம். மனசுக்குள்ள என்ன ஓடினாலும் முகத்துல சிரிப்பை வச்சிருக்கிறதும் ஒரு உழைப்பு, கம்பெனி சம்பளம் கொடுக்கிறப்ப அதையும் சேர்த்துத்தான் வாங்குது, நாளாக நாளாக அந்த ஆளுக்குத் தன் சொந்த மனசு எதுன்னே பிடிபடாமப் போயிரும்னு. பிள்ளை அதைப் படிச்சுக் காட்டினப்ப என் வீட்டுக்காரி அடுப்படியில இருந்து திரும்பிப் பார்த்தா. டூர் முடிஞ்சு வந்து ரெண்டு நாளைக்கு நான் யாருகிட்டயும் பேசாம உக்காந்திருப்பேன். கோவம்னு அவ நினைச்சுக்கிட்டு இருந்தா. கோவமே கிடையாது. பேச்சு தீர்ந்து போயிருக்கும்.

இப்ப இதுல ஸ்டார் வேற சேர்ந்துக்கிச்சு. பார்ட்டி போன்ல மூணு ஸ்டார் போட்டா மறுநாள் ஓனர் கேப்பார். "டிரைவர் முகம் சரியில்லை"ன்னு ஒருத்தர் எழுதினதுக்கு எங்க கூட ஓட்டுற ஒருத்தருக்கு ஒரு வாரம் டூட்டி கொடுக்கலை. டூட்டி இல்லைன்னா பேட்டா (தினப்படி) இல்ல. சம்பளத்துல வாடகையும் ஸ்கூல் பீஸும் போகும், சாப்பாடு பேட்டாவுலதான். முகம் சரியில்லாததுக்குக் காரணம், முந்தின நாள் ராத்திரி குளிர்ல அவர் தூங்கவே இல்ல.

மலைக்கு இ-பாஸ், அதாவது ஆன்லைன்ல எடுக்கிற வண்டி அனுமதிச் சீட்டு, வந்த பிறகு இன்னொரு பாரமும் கூடியிருக்கு. உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7-ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு வச்சாங்க: கொடைக்கானலுக்குச் சாதா நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000. மலைக்கு அது தேவைதான், நான் எதிர்க்கலை. வரிசையில அஞ்சு மணி நேரம் நின்னு பார்த்தவன் எதிர்க்க மாட்டான். ஆனா பாஸ் எடுக்கிறது, தேதி மாறினா மறுபடி எடுக்கிறது, கிடைக்கலைன்னா பார்ட்டியோட கோவத்தை வாங்கிக்கிறது, மூணுமே டிரைவர் தலையில விழுது. ராத்திரி பதினொரு மணிக்கு, "நாளைக்கு ஊட்டி போலாமா, பாஸ் போட்டுருங்க"ன்னு போன் வரும்.

இனிதான் இந்த இடத்தைப் பத்தி நான் முக்கியமாச் சொல்ல வந்தது. கட்டிலும் வெந்நீரும் வேற ஒன்னு ரெண்டு இடத்துலயும் கிடைக்கலாம். இங்க ஒரு விதி வச்சிருக்காங்க. ரிசப்ஷன் மேசைக்குப் பின்னாடி தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் பெரிசா எழுதி மாட்டியிருக்கு: ராத்திரி 10 மணியில இருந்து காலை 5 மணி வரைக்கும் டிரைவர்களை எழுப்ப மாட்டோம், உடம்பு சரியில்லாத அவசரத்துக்கு மட்டும் சொல்லுங்க. எழுதி மாட்டினதோட விடலை. சாவி கொடுக்கும்போது ரிசப்ஷன்ல இருக்கிற தம்பி வாயாலயும் சொல்றார். நான் பக்கத்துல பெட்டியோட நின்னு கேட்டிருக்கேன். "உங்க டிரைவர் தூங்குறதுக்கு இங்க இடம் இருக்கு சார். பத்து மணிக்கு மேல வண்டி வேணும்னா டாக்ஸி நம்பர் நாங்க தர்றோம்."

போன மே மாசம் ஒரு கல்யாணக் கோஷ்டியைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். ராத்திரி பதினொன்னே காலுக்கு மாப்பிள்ளையோட நண்பர்கள் நாலு பேர் கீழ வந்து, ஏரிப்பக்கம் சூடா ஏதாவது சாப்பிடப் போகணும், டிரைவரைக் கூப்பிடுங்கன்னு கேட்டிருக்காங்க. ரிசப்ஷன் தம்பி போர்டைக் காட்டியிருக்கார். ஒருத்தர் சத்தம் போட்டிருக்கார், நாங்க காசு கொடுக்கிறோம்னு. தம்பி அசையலை. உள்ளூர் ஆட்டோ ஒன்னை வரவச்சு அனுப்பிட்டார். எனக்கு இதெல்லாம் காலையில டீ குடிக்கும்போதுதான் தெரியும். எனக்குக் கை கால் எல்லாம் பதறுது, கோஷ்டி என்ன சொல்லப்போகுதோ, ஓனருக்குப் போன் போயிருக்குமோன்னு. ஆறு மணிக்கு அவங்க இறங்கி வந்தாங்க. மாப்பிள்ளையோட தாய்மாமா, வாத்தியார் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், முன் சீட்டுல ஏறி உக்காந்து, "நல்லாத் தூங்கினீங்களா?"ன்னு கேட்டார். இத்தனை வருஷத்துல எந்த டூட்டியிலயும் என்னைய யாரும் அப்படிக் கேட்டதில்ல. அன்னைக்கு மன்னவனூர் போய்த் திரும்பி, சாயங்காலம் மலை இறங்குற வரைக்கும் ஒரு கொட்டாவி வரலை.

நடுவுல நின்னு அந்தத் தம்பி வாங்கிக்கிட்ட சத்தம் எனக்காக வாங்கினது. அவருக்கும் இருபத்தஞ்சு வயசுதான் இருக்கும். ஆனா ஓனரம்மா அவருக்குச் சொல்லி வச்சிருக்காங்க: போர்டுல இருக்கிறதைச் சொன்னதுக்காக எந்த கெஸ்ட் கோவிச்சுக்கிட்டாலும் உன் சம்பளத்துல ஒரு ரூபா குறையாது. மேல இருக்கிறவங்க அப்படி ஒரு வார்த்தை கொடுத்தாத்தான் கீழ நிக்கிற பிள்ளை நிமிர்ந்து பேச முடியும். எந்த ஹோட்டல் முதலாளி இதைப் படிச்சாலும், கட்டில் வாங்கிப் போடுறதுக்கு முன்னாடி இந்த வார்த்தையைக் கொடுங்க. அதுக்குச் செலவே இல்ல.

இப்படி இடம் கொடுக்கிறது வெறும் தயவு மட்டும் இல்ல. தமிழ்நாடு அரசு 2023-ல கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டலும் லாட்ஜும் டிரைவர்களுக்குப் படுக்கை வசதி தரணும்னு சொல்லிருச்சு. ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு ஒரு படுக்கை, கழிப்பறை குளியலறையோட, வளாகத்துக்குள்ளயோ 250 மீட்டர் தூரத்துக்குள்ளயோ இருக்கணும். கூடத்துல பக்கத்துக் கட்டில்காரர் ஒருத்தர், தேனிப் பக்கத்துச் சங்கத்துக்காரர், இதையும் சொல்லி அதுக்கு முந்தினதையும் சொன்னார். 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்துல எழுதி வச்சாங்களாம்: ஒரு நாளைக்கு 8 மணி நேரம், நீண்ட தூரம், திருவிழா மாதிரி நேரத்துல கூட 10-க்கு மேல போகக் கூடாது, 5 மணி நேரம் ஓட்டினா அரை மணி ஓய்வு, ராத்திரி தங்க வேண்டிய இடத்துல ஓய்வறை. அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற கம்பெனிக்கு, 2025 நவம்பர்ல புதுத் தொழிலாளர் சட்டம் வர்ற வரைக்கும் அது பொருந்துச்சு. அவரைத் தவிர கூடத்துல இருந்த ஒருத்தருக்கும் அதுவரைக்கும் இது தெரியாது. அவர் சொல்லி முடிச்ச பிறகு ரொம்ப நேரம் யாரும் பேசலை.

ஓனரம்மா ஏன் இதைச் செய்றாங்கன்னு கேட்டேன். அவங்க கணக்கு நேரானது. மலை ஊர்ல, எங்க தங்கலாம்னு பார்ட்டி முதல்ல டிரைவரைத்தான் கேக்கும். அதுக்காகவே நிறைய லாட்ஜ்ல டிரைவருக்குக் கமிஷன் உண்டு. அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். இவங்க கமிஷன் தர்றதில்ல. கமிஷனா கொடுக்கிற காசைக் கூடத்துக்குப் போட்டுட்டேன், தூங்கி எழுந்த டிரைவர் திரும்பி வருவார்னாங்க. என்னையக் கேட்டா, கையில கொடுக்கிற முந்நூறு ரூபாயை விட அந்த ஏழு மணி நேரத் தூக்கம் பெரிசு. கமிஷன் வாங்குறவங்களைக் குறை சொல்லலை. பேட்டா பத்தாத இடத்துல அதுவும் ஒரு வழி. ஆனா அதனாலதான் பார்ட்டி நம்மளை நம்ப மாட்டேங்குது. கடை வாசல்ல நிறுத்தினாலே இவனுக்கு இதுல எவ்வளவுன்னு பார்க்குற பார்வை இருக்கே, அதைச் சுமந்துக்கிட்டு மலை இறங்குறது தனிப் பாரம்.

சாப்பாடு: லாட்ஜ் ஆளுங்களுக்குச் சமைக்கிறதையே தர்றாங்க. ராத்திரி சப்பாத்தி, குருமா, கொஞ்சம் ரசம் சோறு, அறுபது ரூபா. காரம் குறைவு, வயித்துக்கு ஒன்னும் பண்ணலை. காலையில அஞ்சரைக்கு ஒரு பிளாஸ்க் டீ கூடத்துக்கே வந்துரும், அதுக்குக் காசு இல்ல. பார்ட்டி அங்க தங்கினா கட்டிலுக்கும் காசு இல்ல. வேற லாட்ஜ்ல பார்ட்டியை இறக்கிட்டு வர்ற டிரைவருக்கு, இடம் இருந்தா 150 ரூபா.

சாப்பிட்டுட்டு கட்டில்ல உக்காந்து பேசுறோமே, அதையும் இந்த இடத்தோட வசதியில ஒன்னாச் சேர்க்கணும். வண்டியில படுத்தா ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு கண்ணாடிக்குள்ள. இங்க திருச்சிக்காரர், பாலக்காட்டுக்காரர், ஓசூர்ல இருந்து வந்த சின்னப் பையன் எல்லாரும் ஒரே கூடத்துல. அந்தப் பையன் சொந்தமா வண்டி எடுத்திருக்கான், மாசத் தவணை கட்டணும், சீசன் முடிஞ்சா என்ன பண்றதுன்னு நெஞ்சு படபடக்குது, ராத்திரி கண்ணை மூடினா ரோடு ஓடுதுன்னான். பாலக்காட்டு அண்ணே அவனை அதட்டலை, ஆறுதலும் சொல்லலை. தனக்கும் அப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொன்னார். கண்ணாடிக்குப் பக்கத்துல சுவத்துல 14416-னு நம்பர் ஒட்டியிருக்கு. மத்திய அரசு 2022-ல ஆரம்பிச்ச டெலி-மானஸ், மனசு சரியில்லாதவங்க எந்நேரமும் காசில்லாமக் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம். பையன் அந்த நம்பரைப் போன்ல ஏத்திக்கிட்டான். டிரைவர்கள் முகம் பார்க்கிற கண்ணாடி பக்கத்துல அதை ஒட்டணும்னு யாருக்கோ தோணியிருக்கு பாருங்க, அந்த ஆளுக்கு என் கும்பிடு.

குறைகளையும் எழுதுறேன். கூடத்துக்கு இறங்குற படி கருங்கல்லு, மழை பெஞ்சா பாசி பிடிச்சு வழுக்குது, கைப்பிடி இல்ல. கக்கூஸுக்கு அந்தப் படியைத் தாண்டித்தான் போகணும். ஐப்பசி கார்த்திகையில ராத்திரி டார்ச் இல்லாம இறங்கவே கூடாது. மேற்குச் சுவத்துல ஈரம் ஊறி, அந்த ஓரத்துக் கட்டில்ல படுத்தா கம்பளியில பூஞ்சை வாடை வருது. உள்ள போனதும் வாசல் பக்கத்துக் கட்டிலைப் பிடிச்சுக்கங்க. கரண்டு போனா ஜெனரேட்டர் ஜன்னலுக்கு நேர் வெளியில உறுமும்.

பெண்களுக்கு அங்க இடம் கிடையாது. இது சின்னக் குறை இல்ல. காலேஜ் பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்த ஒரு டூர் மேனேஜர் பொண்ணு, பஸ் டிரைவருக்குக் கட்டில் கிடைச்சுருச்சு, எனக்கு மாணவிகள் ரூம்ல தரையில ஒரு ஓரம்தான்னு சொல்லிட்டுப் போச்சு. அம்பது பிள்ளைங்களுக்கும் பொறுப்பு அது தலையில. யாருக்கு ராத்திரி காய்ச்சல்னாலும் அதைத்தான் எழுப்புவாங்க. அன்னைக்கு ஓனரம்மா தன் வீட்டுத் திண்ணை ரூமைத் திறந்து விட்டாங்க. நல்ல மனசு. ஆனா நல்ல மனசு ஊர்ல இல்லாத நாள்ல என்ன பண்றது? கைடா, டூர் மேனேஜரா, இப்ப டிரைவராவும் பெண்கள் வர்றாங்க. பூட்டுற கதவோட ரெண்டு கட்டில் அவங்களுக்குன்னு எழுதி வைக்கணும்.

எனக்கு மனசுல உறுத்துன இன்னொன்னு அந்த லாட்ஜோட சொந்த ஆளுங்க. ரூம் சுத்தம் பண்ற தம்பி அசாம்ல இருந்து வந்தவர். செக்-அவுட் பதினொரு மணி, செக்-இன் பன்னிரண்டு. அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள, காலியான ரூம் எல்லாத்துலயும் விரிப்பு மாத்தி, கக்கூஸ் கழுவி, குப்பை எடுத்து முடிக்கணும். ஞாயித்துக்கிழமை அவர் மாடிப்படியில ஓடுறதைப் பார்த்தா நமக்கு மூச்சு வாங்கும். லேட் ஆனா கீழ சோபாவுல உக்காந்திருக்கிற குடும்பம் ரிசப்ஷன் தம்பியைத் திட்டும், அவர் போன்ல இவரை விரட்டுவார். எங்க தூங்குறீங்கன்னு கேட்டேன். அழுக்கு விரிப்பு மூட்டை போட்டு வைக்கிற ரூமைக் காட்டினார். டிரைவருக்குப் பத்து மணி விதி வச்ச இடத்துல, ரூம் மணி அடிச்சா அவர் ஒரு மணிக்கும் தண்ணி பாட்டில் தூக்கிட்டு ஓடணும். ஓனரம்மாகிட்ட நேராவே சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க, சீசன் முடிஞ்சதும் பின்பக்கம் ஒரு ரூம் கட்டித் தர்றேன், செக்-இன்னை ஒரு மணிக்கு மாத்துறேன்னாங்க. செஞ்சாங்களான்னு அடுத்த சீசன்ல பார்த்துட்டு இங்கயே எழுதுறேன். அந்த ஒரு மணி நேரம் தள்ளி வச்சா எந்த கெஸ்டும் செத்துப் போகப் போறதில்ல. ஏரியை ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்.

மலைக்கு வர்ற குடும்பங்களுக்கு: ரூம் புக் பண்ணும்போது போன்ல ஒரே ஒரு கேள்வி கூடக் கேளுங்க. "எங்க டிரைவர் எங்க தூங்குவார்?" வெறும் பார்க்கிங் இருக்குன்னு சொன்னா, "படுக்கை இருக்கா, பாத்ரூம் இருக்கா"ன்னு மறுபடி கேளுங்க. பத்து பேர் கேட்டா அந்த ஊரு லாட்ஜுக்காரங்க பதிலைத் தயார் பண்ணுவாங்க. மறுநாள் எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு ராத்திரி எட்டு மணிக்கே சொல்லிருங்க. பதினொரு மணிக்கு வேண்டாம். சாப்பிட நிறுத்துற இடத்துல, டிரைவர் சாப்பிட்டாரான்னு பார்த்துட்டு ஏறுங்க. உங்க பிள்ளைங்களை வச்சுக்கிட்டுத்தான் அவர் மலை இறங்குறார்.

டிரைவர்களுக்கு: கட்டில் எட்டுதான், சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குள்ள நிரம்பிரும். பார்ட்டியை இறக்கினதும் ரிசப்ஷன்ல பேரு எழுதிட்டு ஏரிக்குக் கிளம்புங்க. பூட்டு, டார்ச், ரப்பர் செருப்பு கையோட எடுத்துட்டுப் போங்க. குளிக்கிறதை ராத்திரியே முடிச்சிட்டா நல்லது. காலையில அஞ்சரைக்கு மேல குளியலறைக்கு வரிசை நிக்கும். உள்ள பீடி சிகரெட் கூடாது, குடிச்சுட்டு வந்தா கட்டில் கிடையாது. ரெண்டும் சரியான விதி.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் கொடுக்கிறேன். கட்டிலுக்கும் வெந்நீருக்கும் மூணு, அந்தப் பத்து மணி போர்டுக்கு ஒன்னு. மிச்ச ஒன்னு அசாம் தம்பிக்கு ஒரு கட்டிலும், டூர் மேனேஜர் பொண்ணுக்கு ஒரு கதவும், அந்தப் படிக்கு ஒரு கைப்பிடியும் வந்த பிறகு.